போன் நல்லாத்தானே ஓடுது!

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பெரியப்பாவின் எண்ணிலிருந்து எனக்கு ஒரு குறுஞ்செய்தி வந்தது. ‘உங்கள் வாகனத்துக்குப் போக்குவரத்து அபராதம் விதிக்கப்பட்டுள்ளது. விவரம் அறிய இந்த இணைப்பை அழுத்தவும்’ என்று ஆங்கிலத்தில் இருந்தது. பெரியப்பா ஓய்வுபெற்ற தமிழாசிரியர். ‘சாப்பிட்டியா’ என்பதைக்கூட ஆங்கில எழுத்தில் அடிக்க மாட்டார். எனக்கோ சொந்தமாக ஒரு சைக்கிள்கூடக் கிடையாது. உடனே போன் செய்தேன்.

“பெரியப்பா, எனக்கு ஏதாவது மெசேஜ் அனுப்புனீங்களா?”

“நான் எங்கய்யா அனுப்புனேன்? இப்பதான் பேப்பர் படிச்சுக்கிட்டிருக்கேன்.”

“உங்க போன்ல வைரஸ் ஏதும் புகுந்திருக்கும்போல பெரியப்பா.”

“வைரஸா? அதெல்லாம் ஒண்ணுமில்லய்யா. போன் நல்லாத்தானே ஓடுது!”

இரண்டாவது முறை கேட்டேன். அதே பதில். மூன்றாவது முறை கேட்டபோது எதிர்முனையில் கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, “பெரியம்மாகிட்ட சொல்லிராத” என்று ஆரம்பித்தார்.

வியாழக்கிழமை அவருக்கும் அதே மாதிரி ஒரு செய்தி வந்திருக்கிறது. ஸ்கூட்டருக்கு 500 ரூபாய் அபராதம், உடனே கட்டாவிட்டால் நீதிமன்றம் என்று மிரட்டல். வாழ்நாளில் சிவப்பு விளக்கைத் தாண்டாத மனிதர் அவர். பதறிப்போய் இணைப்பை அழுத்தியிருக்கிறார். ஓர் ஆப் இறங்கியது. குறுஞ்செய்திகளைப் படிக்க அனுமதி கேட்டது; கொடுத்தார். கார்டு எண், அதன் பின்பக்கம் இருக்கும் மூன்று இலக்கம் எல்லாம் கேட்டது, அடித்தார். ‘சர்வர் பிஸி’ என்று வந்தது. சரி, நாளைக்குக் கட்டலாம் என்று தூங்கப் போய்விட்டார். அன்றிரவே இரண்டு தவணையாக 38,500 ரூபாய் போய்விட்டது.

வெள்ளிக்கிழமை வங்கியில் பாஸ்புக்கில் பதிவு போட்டபோதுதான் அவருக்கே தெரிந்திருக்கிறது. தெரிந்தும் கவுண்டரில் ஒரு வார்த்தை கேட்காமல், பாஸ்புக்கை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டார். “படிச்சவரு, வாத்தியாரு, இவரே ஏமாந்துட்டாருன்னு சொல்லுவாங்கள்ளய்யா” என்றார். சனிக்கிழமை இன்னொரு 9,000 போயிருந்தது.

அதற்குப் பிறகும், தன் போனில் வைரஸ் இருப்பதாக அவர் நம்பவில்லை. பணம் போனது ஏதோ வங்கிக் கோளாறு, இல்லையென்றால் கார்டு கோளாறு. போன் சூடாகவில்லை, தடுமாறவில்லை, திரை அணையவில்லை. பிறகு எப்படி அது வைரஸ் ஆகும்?

அந்தக் கேள்விதான் இந்த வாரக் கட்டுரை.

நம் மனதில் இருக்கும் வைரஸ்

‘வைரஸ்’ என்றதும் உங்கள் மனதில் என்ன தோன்றுகிறது? கண்ணை மூடி ஒரு நிமிடம் யோசித்துப் பாருங்கள். சிலருக்குப் பூச்சி மாதிரி ஒன்று. சிலருக்குக் காய்ச்சல் மாதிரி. சிலருக்குக் கறுப்புச் சட்டையின் தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டு இருட்டறையில் கீபோர்டைத் தட்டும் ஓர் இளைஞன்.

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் இருந்த ரிக் வாஷ் என்ற ஆய்வாளர், கிட்டத்தட்ட இதே கேள்வியோடு வீட்டுக் கம்ப்யூட்டர் பயன்படுத்தும் சாதாரண மக்களிடம் போய் உட்கார்ந்து பேசினார். 2010-ல் அந்த ஆய்வை வெளியிட்டார். மக்களின் மனதில் இருந்த சித்திரங்களை எட்டு வகையாகப் பிரித்தார். வைரஸைப் பற்றி நான்கு: ‘பொதுவாக ஏதோ கெட்டது’, ‘சரியாக எழுதப்படாத மென்பொருள்’, ‘யாரோ செய்யும் குறும்பு’, ‘திருட்டுக்குத் துணைபோகும் கருவி’. ஹேக்கரைப் பற்றி நான்கு: சுவரில் கிறுக்கிவிட்டு ஓடும் விடலைப் பையன், கிடைத்த வீட்டில் நுழையும் திருடன், பெரிய மீனை மட்டுமே குறிவைக்கும் குற்றவாளி, குற்றக் கும்பலுக்குக் கூலிக்கு வேலை பார்ப்பவன்.

இந்தப் பட்டியலைவிட முக்கியமான ஒன்றையும் அவர் கண்டார். மக்கள் பாதுகாப்பு அறிவுரைகளை அலட்சியத்தால் மட்டும் புறக்கணிப்பதில்லை. தங்கள் மனச்சித்திரத்துக்குப் பொருந்தும் அறிவுரையை எடுத்துக்கொள்கிறார்கள். பொருந்தாததை ‘இது நமக்கில்லை’ என்று ஒதுக்குகிறார்கள். ‘பெரிய மீனைத்தான் பிடிப்பார்கள்’ என்று நம்புகிறவர், தன் போனுக்கு எதற்குக் காவல் போடப்போகிறார்?

பெரியப்பாவும் முட்டாள்தனமாக எதையும் செய்யவில்லை. வைரஸ் என்றால் போன் படுத்துவிடும் என்பது அவர் சித்திரம். போன் படுக்கவில்லை, ஆகவே வைரஸ் இல்லை. தர்க்கம் சரி. சித்திரம்தான் பழையது.

சித்திரம் ஒன்று: ‘வைரஸ் வந்தால் தெரிந்துவிடும்’

இந்த நம்பிக்கை வானத்திலிருந்து குதித்ததல்ல. ஒரு காலத்தில் அது உண்மையாகவே இருந்தது. தன்னைத்தானே நகலெடுத்துப் பரவும் புரோகிராமுக்கு ‘வைரஸ்’ என்ற பெயரை 1980-களின் நடுவில் பரப்பியவர் ஃப்ரெட் கோஹென் என்ற அமெரிக்க ஆய்வாளர். 1986-ல் லாகூரில் கம்ப்யூட்டர் கடை வைத்திருந்த இரண்டு சகோதரர்கள் எழுதிய ‘பிரெய்ன்’ வைரஸ், ஃப்ளாப்பி டிஸ்க் வழியே உலகம் சுற்றியது. அதற்குள் அவர்களுடைய பெயர், முகவரி, தொலைபேசி எண் எல்லாமே இருந்தன! அடுத்து வந்த ‘கேஸ்கேட்’ என்ற வைரஸ், திரையில் உள்ள எழுத்துகளை மழைத்துளி மாதிரி ஒவ்வொன்றாகக் கீழே உதிரவைத்தது. அன்றைய வைரஸ் ஆரவாரத்தோடு வந்தது. ‘நான் வந்துவிட்டேன்’ என்று சொல்வதில்தான் அதை எழுதியவனுக்கே பெருமை.

இன்றைய ஆளுக்குப் பெருமை வேண்டாம், பணம் வேண்டும். போன் தடுமாறினால் நீங்கள் கடைக்காரரிடம் எடுத்துக்கொண்டு ஓடுவீர்கள், அவன் பிழைப்பு கெடும். அதனால் உங்கள் போன் நன்றாக ஓட வேண்டும் என்று உங்களைவிட அவன்தான் அதிகம் ஆசைப்படுவான். பெரியப்பா போனில் இறங்கிய ஆப், வேலை முடிந்ததும் தன் ஐகானைக்கூட மறைத்துக்கொண்டது. உள்ளே உட்கார்ந்து வங்கியிலிருந்து வரும் ஓடிபி-களைப் படித்து, எங்கோ இருக்கும் முதலாளிக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. குறுஞ்செய்தி அனுமதி கையில் இருந்ததால் அவர் எண்ணிலிருந்து எனக்கும், இன்னும் யார் யாருக்கோ வலையும் வீசியது.

சித்திரம் இரண்டு: ‘தெரிஞ்சவங்கதானே அனுப்புனாங்க’

2000-ம் ஆண்டு மே மாதம். உலகெங்கும் அலுவலகங்களில் ‘ஐ லவ் யூ’ என்ற தலைப்போடு மின்னஞ்சல்கள் வந்து விழுந்தன. அனுப்பியவர் மேலாளராக இருந்தார், பக்கத்து நாற்காலிக்காரராக இருந்தார், ஒன்றுவிட்ட அத்தையாக இருந்தார். கூடவே காதல் கடிதம்போல ஓர் இணைப்பு. திறந்தவர்களின் முகவரிப் பட்டியலில் இருந்த எல்லோருக்கும் அதே கடிதம் தானாகப் போனது. பிலிப்பைன்ஸில் ஒரு மாணவர் எழுதிய புரோகிராம் அது. அப்போது அந்த நாட்டில் இதற்கென்று சட்டமே இல்லாததால் அவர்மீது வழக்கு நிற்கவில்லை. 

கால் நூற்றாண்டு ஓடிவிட்டது. மின்னஞ்சல் போய் வாட்ஸ்அப் வந்தது. காதல் கடிதம் போய்க் கல்யாணப் பத்திரிகை வந்தது. உத்தி மட்டும் மாறவில்லை. நண்பரின் எண்ணிலிருந்து ‘எங்கள் இல்லத் திருமண அழைப்பிதழ்’ என்று ஒரு கோப்பு வருகிறது. அழைப்பிதழ் என்றால் படமாகவோ, வீடியோவாகவோ, பிடிஎஃப் ஆகவோ இருக்கும். இந்தக் கோப்பின் பெயரோ ஏ, பி, கே என்ற மூன்று ஆங்கில எழுத்துகளில் முடியும். ஆண்ட்ராய்டு போனில் ஓர் ஆப்பை நிறுவுவதற்கான கோப்பு அது. கல்யாணத்துக்குக் கூப்பிட யாரும் உங்கள் போனில் ஆப் நிறுவச் சொல்ல மாட்டார்கள். அபராதம் கட்டவும், மின்கட்டணம் கட்டவும், வங்கியில் கேஒய்சி புதுப்பிக்கவும் இப்படி ஒரு கோப்பை யாரும் வாட்ஸ்அப்பிலோ குறுஞ்செய்தியிலோ அனுப்ப மாட்டார்கள்.

அனுப்பிய எண் தெரிந்தவருடையது என்பதற்கு ஒரே அர்த்தம், அது தெரிந்தவரின் எண் என்பதுதான். அனுப்பியது அவரா என்பது வேறு கேள்வி. ஒரு போன் போட்டுக் கேட்டுவிடுங்கள்.

சித்திரம் மூன்று: ‘என்கிட்ட என்ன இருக்கு எடுக்க?’

வாட்ச்மேன் முதல் வங்கி மேலாளர் வரை எல்லோரும் சொல்வது இது. யாரோ ஒருவன் உட்கார்ந்து, ஊரில் யாரிடம் பணம் இருக்கிறது என்று பார்த்துப் பார்த்துக் குறிவைக்கிறான் என்ற கற்பனை இதற்குள் இருக்கிறது.

2017 மே 12 அன்று ‘வான்னாக்ரை’ என்ற ஒன்று கிளம்பியது. கம்ப்யூட்டரில் உள்ள கோப்புகளையெல்லாம் பூட்டிவிட்டு, திறக்க 300 டாலர் மதிப்புள்ள பிட்காயின் கேட்டது. சில நாட்களில் சுமார் 150 நாடுகள். பிரிட்டனில் அரசு மருத்துவமனைகள் நோயாளிகளைத் திருப்பி அனுப்ப வேண்டியதாயிற்று. அந்த மருத்துவமனைகளை யாரும் தேர்ந்தெடுத்துத் தாக்கவில்லை. விண்டோஸில் இருந்த ஓர் ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் அந்த மார்ச் மாதமே வெளியிட்டிருந்தது. அடைக்காத கம்ப்யூட்டர்கள் எங்கெல்லாம் இருந்தனவோ அங்கெல்லாம் அது தானாக நுழைந்தது. மீன் பெரிதா சிறிதா என்று வலை பார்ப்பதில்லை.

அதற்கு முந்தைய ஆண்டு ‘மிராய்’ வந்தது. வீட்டு வாசல் கேமரா, வைஃபை ரூட்டர் போன்றவற்றில், கம்பெனி போட்டுக் கொடுத்த பாஸ்வேர்டை மாற்றாமல் விட்டிருந்தவற்றை அது தேடித் தேடிப் பிடித்தது. உரிமையாளர்களிடமிருந்து அது எதையும் எடுக்கவில்லை. அந்தக் கருவிகளையெல்லாம் ஒரு படையாகத் திரட்டிக்கொண்டு, 2016 அக்டோபர் 21 அன்று ‘டின்’ என்ற நிறுவனத்தின்மீது ஏவியது. அமெரிக்காவின் பல பகுதிகளில் ட்விட்டர், நெட்ஃப்ளிக்ஸ் போன்ற தளங்கள் மணிக்கணக்கில் முடங்கின. கேமராக்காரர்களுக்கோ, ‘கேமரா நல்லாத்தானே ஓடுது!’

உங்களிடம் பணம் இல்லாமல் இருக்கலாம். உங்கள் பெயர் இருக்கிறது. உங்களை நம்பும் நூறு பேரின் எண்கள் இருக்கின்றன. உங்கள் இணைய இணைப்பு இருக்கிறது. அவனுக்கு அதுவும் சரக்குதான்.

சித்திரம் நான்கு: ‘ஐயோ, வைரஸ்!’

பயப்படாதவர்களைச் சொல்லியாயிற்று. பயப்படுகிறவர்களுக்கும் ஒரு பள்ளம் இருக்கிறது. 2002 வாக்கில் ஒரு மின்னஞ்சல் சுற்றியது. ‘உங்கள் கம்ப்யூட்டரில் கரடிப் பொம்மை ஐகானோடு ஒரு கோப்பு இருக்கும். அது பயங்கர வைரஸ். உடனே அழியுங்கள், தெரிந்தவர்களுக்கும் சொல்லுங்கள்.’ தேடிப் பார்த்தால் கரடி அங்கே இருக்கும்! பலரும் நன்றியோடு அழித்தார்கள். பத்துப் பேருக்கு அனுப்பினார்கள். உண்மையில் அது விண்டோஸுக்குச் சொந்தமான கோப்பு. வைரஸே இல்லாமல், வைரஸ் செய்ய வேண்டிய வேலையை மனிதர்களே செய்து முடித்தார்கள்.

இன்று அந்தக் கரடியின் பேரன், ‘உங்கள் போனில் 13 வைரஸ்கள் உள்ளன, உடனே சுத்தம் செய்யவும்’ என்று திரையில் துள்ளுகிறான். நீங்கள் பார்க்கும் ஓர் இணையப் பக்கத்தால் உங்கள் போனுக்குள் வைரஸ் இருக்கிறதா என்று சோதிக்க முடியாது. அது வெறும் விளம்பரம், அல்லது தூண்டில். அந்தப் பக்கத்தை மூடுங்கள், போதும்.

வேறொரு சித்திரம்

அப்படியானால் எதை மனதில் வைத்துக்கொள்வது? எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். நோய், பூச்சி என்பதையெல்லாம் கொஞ்சம் தள்ளி வையுங்கள். ஆப் என்பது வீட்டுக்குள் நாம் விடும் ஓர் ஆள். அனுமதி என்பது அவர் கையில் நாம் கொடுக்கும் சாவி. குழாய் ரிப்பேருக்கு வந்தவர் பீரோ சாவி கேட்டால் கொடுப்போமா? டார்ச் லைட் ஆப் குறுஞ்செய்தி சாவி கேட்டாலும், அபராத ஆப் உங்கள் தொடர்பு எண்களைக் கேட்டாலும் அதே பதில்தான்.

இருப்பதிலேயே பெரிய சாவி ‘ஆக்சஸிபிலிட்டி’. பார்வைக் குறைபாடு போன்றவை உள்ளவர்களுக்கு உதவ வந்த நல்ல வசதி. ஆனால் அதைக் கையில் வாங்கிய ஆப், உங்கள் திரையைப் படிக்கலாம், உங்களுக்குப் பதிலாகப் பட்டன்களையும் அழுத்தலாம். காரணம் புரியாமல் அதை யாருக்கும் திறந்துவிடாதீர்கள்.

இப்போதே ஐந்து நிமிடம் ஒதுக்கினால், மூன்று வேலைகளை முடித்துவிடலாம். ஆண்ட்ராய்டு போனின் செட்டிங்ஸில் ‘இன்ஸ்டால் அன்நோன் ஆப்ஸ்’ என்று தேடுங்கள். வாட்ஸ்அப், குரோம் உட்பட எல்லாவற்றுக்கும் அது அணைந்திருக்கட்டும். அடுத்து, பிளே ஸ்டோரில் ‘பிளே புரொடெக்ட்’ இயங்குகிறதா என்று பாருங்கள். கடைசியாக, அனுமதிகள் பக்கத்தில் ‘எஸ்எம்எஸ்’ என்பதைத் தொட்டு, யார் யாரிடம் அந்தச் சாவி இருக்கிறது என்று பாருங்கள். தெரியாத பெயர் இருந்தால் பிடுங்கிவிடுங்கள். தள்ளிப்போட்டுக்கொண்டே இருக்கும் அப்டேட்டையும் இன்று இரவு போட்டுவிடுங்கள். புது ஐகானுக்காக மட்டும் வருவதல்ல அது. ஓட்டை அடைக்க வருவது.

ஒருவேளை ஏற்கெனவே அழுத்திவிட்டீர்களா? முதலில் போனை ஏரோப்ளேன் மோடில் போடுங்கள். வைஃபையும் அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். உள்ளே இருப்பவனுக்கு வெளியே பேச வழி இருக்கக் கூடாது. வேறொரு போனிலிருந்து வங்கியைக் கூப்பிட்டுக் கார்டையும் யுபிஐ-யையும் நிறுத்தச் சொல்லுங்கள். உடனே 1930 என்ற எண்ணுக்குப் பேசுங்கள். சைபர்கிரைம் டாட் ஜிஓவி டாட் இன் என்ற அரசுத் தளத்திலும் புகார் செய்யலாம். வந்த செய்தியையும் அந்த ஆப்பின் பெயரையும் இன்னொரு போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அதன் பிறகு அந்த ஆப்பை நீக்குங்கள். நீங்க மறுத்தால், தேவையானவற்றை எடுத்து வைத்துக்கொண்டு போனை ‘ஃபேக்டரி ரீசெட்’ செய்யுங்கள். பாஸ்வேர்டுகளை வேறு கருவியிலிருந்து மாற்றுங்கள்.

இதில் நேரம்தான் பணம். போன பணம் இன்னொரு கணக்கில் இருக்கும்வரைதான் அதை முடக்க முடியும். எடுத்துச் செலவழித்துவிட்டால் கஷ்டம். ரிசர்வ் வங்கி 2017-ல் வெளியிட்ட விதிகளின்படி, வாடிக்கையாளரின் கவனக்குறைவால் நடந்த இழப்பாக இருந்தாலும், வங்கிக்குத் தெரிவிக்கும்வரை போனதுதான் அவர் பொறுப்பு. தெரிவித்த பிறகும் பணம் போனால், அது வங்கியின் பொறுப்பு.

அந்த இரண்டு நாள்

பெரியப்பாவின் கணக்கை இப்போது போட்டுப் பாருங்கள். வெள்ளிக்கிழமை அவர் கவுண்டரில் வாய் திறந்திருந்தால் சனிக்கிழமை 9,000 போயிருக்காது. 38,500-லும் கொஞ்சமாவது மிஞ்சியிருக்கலாம். ஞாயிறன்று நாங்கள் 1930-ல் சொன்ன பிறகு, சனிக்கிழமை போன 9,000 மட்டும் பாதி வழியில் முடங்கி, சில மாதங்கள் கழித்துத் திரும்பி வந்தது. மற்றது வரவில்லை.

அவரை வாய் திறக்கவிடாமல் செய்தது எது? அதில் எனக்கும் பங்கு உண்டு. முந்தைய தீபாவளிக்குப் போயிருந்தபோது, அவர் ஏதோ ஒரு ஃபார்வர்டு செய்தியை நம்பியதற்காக, எல்லோர் முன்னிலும் “உங்க கையில எதுக்குத்தான் ஸ்மார்ட்போன் கொடுத்தாங்களோ” என்று சிரித்தேன். அவரும் சேர்ந்து சிரித்தார். ஆனால் மறக்கவில்லை.

நம் வீட்டுப் பெரியவர்களுக்கும், பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கும் நாம் போட்டுக் கொடுக்கக்கூடிய நல்ல காவல் ஒன்று உண்டு. ‘தெரியாமல் எதையாவது அழுத்திவிட்டால், அந்த நிமிடமே என்னிடம் சொல்லலாம், நான் திட்ட மாட்டேன்’ என்ற உறுதிதான் அது. அதைச் சொன்னால் மட்டும் போதாது. முதல் தடவை அவர்கள் வந்து சொல்லும்போது நிஜமாகவே திட்டாமல் இருக்க வேண்டும்.

போன வாரம் ஊருக்குப் போயிருந்தேன். மாலையில் பெரியப்பாவோடு நடந்தேன். வழியில் அவரோடு வேலை பார்த்த சார் ஒருவர், “பேரன் போன்ல ஏதோ பத்திரிகை வந்திருக்கு சார், திறக்கவே மாட்டேங்குது, நீங்க கொஞ்சம் பாருங்க” என்று போனை நீட்டினார். பெரியப்பா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு கோப்பின் பெயரைக் கடைசி எழுத்து வரை படித்தார்.

“சார், இது பத்திரிகை இல்ல. தொடாதீங்க. எனக்கு 38,500 ரூபா போச்சு, எப்படின்னு சொல்லுதேன், வாங்க” என்று அவர் தோளில் கைபோட்டுக்கொண்டு டீக்கடைப் பக்கம் நடந்தார். தொகையைக்கூட மறைக்கவில்லை.